சயான் காம்பவுண்டில் ஒரு சூப்பர்சார்ஜர்

காற்றை ஊதுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள், நிஜம்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், சிமெண்ட் ஆலை, சாயப்பட்டறை என்று எங்கெல்லாம் காற்றைத் தொட்டிக்குள்ளோ குழாய்க்குள்ளோ தள்ள வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் ரூட்ஸ் ப்ளோயர் என்று ஒரு சமாச்சாரம் இருக்கும். அதைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தினால் போய்ப் பார்ப்பது. பீளமேட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து இருபது வருஷமாக இதே பிழைப்பு. வீடு சயானில். ஊரில் கேட்டால் "சயானா, அது எங்கெப்பா?" என்பார்கள். தாராவிக்கு இந்தப் பக்கம், மாட்டுங்காவுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னால் உடனே புரிந்துவிடும்!

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், ரூட்ஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் 1860-ல் இந்த ப்ளோயருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றும். இந்தப் பக்கக் காற்றை அள்ளி அந்தப் பக்கம் தள்ளும். அவ்வளவுதான். உள்ளே காற்றை அமுக்குவதெல்லாம் கிடையாது. போகிற இடத்தில் இடம் இல்லாததால்தான் அழுத்தம் ஏறுகிறது. முதலில் இரும்பு உருக்கும் உலைகளுக்குப் போனது. பிறகு யாரோ ஒருவருக்கு, உலைக்கு ஊதுகிறதை என்ஜினுக்கும் ஊதினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1921-ல் பெர்லின் கார் கண்காட்சியில் மெர்சிடிஸ்காரர்கள் சூப்பர்சார்ஜர் வைத்த இரண்டு கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் ஊர்ச் சாலைகளிலும் 2000-களில் பின்னால் 'கொம்ப்ரெஸ்ஸார்' என்று எழுதிய மெர்சிடிஸ் போகுமே, அது இந்த வம்சம்தான்.

இந்தக் கதையெல்லாம் நான் ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறும்போது கீழ்வீட்டுப் பையனிடம் சொல்லித் தொலைத்தேன். வந்தது வினை.

கீழ்வீட்டில் இருப்பது பாலக்காட்டுக் குடும்பம். மூன்று தலைமுறையாக மாட்டுங்கா - சயான் வட்டாரம். பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. என்னை அங்கிள் என்பான், என் மனைவியை அக்கா என்பான். (இதில் எனக்கு மனவருத்தம் உண்டு.) அவனுடைய அப்பா 2020-ல் போய்விட்டார். அவர் விட்டுப்போனதில் முக்கியமானது, காம்பவுண்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்த ஒரு சான் ஸ்டார்ம்.

நிறைய பேருக்கு இந்தக் கார் ஞாபகம் இருக்காது. கோவாவின் சான் மோட்டார்ஸ் 1998-ல் கொண்டுவந்த இரண்டு சீட் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். வடிவமைப்பில் பிரான்சின் லெ மான் குழுமத்தின் கை உண்டு. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். உள்ளே ரெனோவின் 1,149 சிசி என்ஜின், 60 குதிரைத்திறன். பார்த்தால் பறக்கும் போலிருக்கும். ஓட்டினால் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. மாமா இதை 2003-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து மாட்டுங்கா வரைக்கும் போய்க் காபி குடித்துவிட்டு வருவார். மொத்தமே ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதற்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

இப்போது பிரச்சினை என்னவென்றால், எங்கள் கட்டிடம் ரீடெவலப்மெண்டுக்குப் போய்விட்டது. சயான், மாட்டுங்கா பக்கம் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. 2025 ஜூனுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். மாமிக்கும் பையனுக்கும் செம்பூரில் வாடகை வீடு பார்த்தாயிற்று. அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. விற்கலாம் என்றால் மாமி சம்மதிக்கவில்லை. ஓட்டலாம் என்றால் அதற்கும் சம்மதிக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்பார். எங்கே இருக்கும்? அடுத்த வருஷம் அந்தத் தண்ணீர்த் தொட்டியே இருக்காது.

பையனுக்கு வேறு யோசனை. உலகம் பூராவும் மஸ்தா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் காருக்கு வீட்டு ஷெட்டிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்துகிறார்கள். அந்தக் கார் 1989-ல் வந்தது, இந்தியாவில் விற்கப்பட்டதே இல்லை. அதற்கு என்று போல்ட் நட்டு வரைக்கும் ரெடிமேட் கிட் கிடைக்கும். "அந்த மாதிரி நம்ம ஸ்டார்முக்குப் பண்ணலாமே அங்கிள், உங்க ப்ளோயர்தானே அது?" என்றான். ஜப்பானில் 660 சிசி குட்டிக் கார்களுக்கே தொழிற்சாலையில் சூப்பர்சார்ஜர் வைத்து விற்றிருக்கிறார்கள் (சுபாரு விவியோ என்று ஒன்று உண்டு), இதற்கு ஏன் கூடாது என்று ஒரு வாதம் வேறு.

முதலில் மறுத்தேன். ஸ்டார்முக்குக் கிட் எதுவும் கிடையாது. அதைவிட முக்கியம், அந்த என்ஜினுக்கு மாற்று கிடையாது. ஒரு பிஸ்டன் உடைந்தால் இந்தியாவில் தெருத்தெருவாகத் தேடினாலும் கிடைக்காது, கார் அங்கேயே முடிந்தது. ஒரு ப்ளோயர் கெட்டுப்போனால் ஆலைக்காரர் இன்னொன்று வாங்கிக்கொள்வார். மாமி எதை வாங்குவார்?

ஆனால் கோயமுத்தூர்க்காரனிடம் வந்து இந்த மாதிரிக் கேட்டால் எத்தனை நாளைக்குத்தான் மறுப்பது? எங்கள் ஊரில் எஸ். கரிவரதன் என்று ஒரு மனிதர் இருந்தார். பெரிய மில் குடும்பம். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டியவர். 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் என்ஜினை எடுத்து, ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கோவையிலேயே கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர். கடைக்குக் காய் வாங்கப் போகிற காரின் என்ஜின்! அதிலே ஓட்டிப் பழகிய ஒரு தலைமுறையே உண்டு. 1995-ல் சின்ன விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். அப்போது நான் காலேஜில் இருந்தேன். பீளமேடு டீக்கடைகளில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இல்லை. 2005-ல் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினபோதும் அதே டீக்கடைகளில் கரி பேர்தான் முதலில் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒத்துக்கொள்வதற்கு முன்னால் சட்டத்தைப் பேசிவிடலாம் என்று பையனை உட்கார வைத்தேன். வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக இஷ்டப்படி மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும். சிஎன்ஜி கிட் போட்டால் ஆர்டிஓ-வில் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டில் பொருத்திய சூப்பர்சார்ஜரை எந்த ஆர்டிஓ-வும் ஏற்றிக்கொள்ள மாட்டார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும். ஆகவே பொருத்திய நாளிலிருந்து இந்தக் கார் சொந்தச் சக்கரத்தில் ரோட்டுக்கு வரக்கூடாது, ட்ராக்கில் மட்டும்தான், எங்கே போனாலும் டிரெய்லர் மேல்தான். இதற்குச் சரி என்றால் மேலே பேசலாம். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது நாள் சரி என்றான்.

மாமியிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திரும்பப் பழையபடி ஆக்க முடியுமோ?"

முடியும் என்றேன். வேலை முழுவதையும் அந்த ஒரு வார்த்தை தீர்மானித்துவிட்டது. என்ஜினில் எங்கேயும் புதிதாக ஓட்டை போடுவதில்லை, எதையும் வெட்டுவதில்லை, வெல்டிங் கிடையாது. இருக்கிற போல்ட் ஓட்டைகளில்தான் எல்லாம் உட்கார வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு திருகும் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். இன்ஜினியரிங் பாஷையில் சொன்னால் எங்கள் க்ளையண்ட் மிகக் கறாரானவர் :-)

சூப்பர்சார்ஜர் ஜப்பானிலிருந்து பழையதாக வந்தது. ஐசின் கம்பெனியின் ஏஎம்ஆர் 500. ஒரு சுற்றுக்கு 500 சிசி காற்று தள்ளும். கையில் எடுத்தால் நாலைந்து கிலோ, நான் வேலை பார்க்கிற ப்ளோயர்களின் பேரக்குழந்தை மாதிரி இருந்தது. அதைத் திறந்து, பேரிங் பார்த்து, சீல் மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான நாள். ஆபீசில் இதையெல்லாம் இப்போது பையன்கள் செய்கிறார்கள், நான் மெயில் அனுப்புகிறவன் ஆகிவிட்டேன்.

கணக்கு இதுதான். பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை. 1,149 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ஒரு சுற்றுக்கு அதில் பாதியை, அதாவது 575 சிசி இழுக்கும். நடைமுறையில் முழுசாக இழுக்காது, 85 சதவிகிதம் என்று வைத்தால் 490. கிராங்க் புல்லி 130 மில்லிமீட்டர். ப்ளோயரின் புல்லி எத்தனை சின்னதாக இருக்கிறதோ அத்தனை வேகமாக அது சுற்றும், அத்தனை அதிகம் ஊதும். 80 மில்லிமீட்டர் புல்லி போட்டால் என்ஜின் 6,000 சுற்றும்போது ப்ளோயர் 9,750 சுற்றும். 90 போட்டால் சுமார் 8,670. ப்ளோயருக்குள்ளும் கொஞ்சம் கசிவு உண்டு. எல்லாம் கழித்துப் பார்த்தால் 80-க்கு அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அரை மடங்கு கூடுதல் அழுத்தம். 90-க்கு 0.3 பார்.

பையனுக்கு 80 வேண்டும். நான் 90-க்குக் கீழே வரமாட்டேன் என்றேன். மூன்று வாரம் ஓடியது இந்தச் சண்டை.

என் பக்கத்து நியாயம் சூடு. பம்பாய் ஏப்ரலில் காற்று 35 டிகிரி. அதை ரூட்ஸ் ப்ளோயரில் ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்த காற்று. அழுத்தம் 50 சதவிகிதம் ஏறியிருக்கும், உள்ளே போகிற காற்றின் எடையோ 22 சதவிகிதம்தான் ஏறியிருக்கும். மீதியெல்லாம் வெறும் சூடு. அந்தச் சூடு நேராக சிலிண்டருக்குள் போய், ஸ்பார்க் அடிப்பதற்கு முன்னாலோ பின்னாலோ பெட்ரோலைக் கண்ட இடத்தில் வெடிக்கவைக்கும். நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். ஸ்டார்ம் என்ஜினின் கம்ப்ரஷன் ஏற்கெனவே ஒன்பதரைக்கு ஒன்றுக்கு மேலே. சூப்பர்சார்ஜர் வைக்கவே கட்டின என்ஜின் என்றால் எட்டு, எட்டரை என்று குறைத்துக் கட்டியிருப்பார்கள். அதற்காகப் பிஸ்டனை மாற்ற முடியாது, மாமிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது.

காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். குர்லா சிஎஸ்டி ரோடு பழைய சாமான் கடைகளில் அலைந்து, கழித்துக்கட்டிய ஒரு சின்ன டீசல் காரின் இன்டர்கூலரைப் பிடித்தோம். 0.3 பாரில் ப்ளோயரிலிருந்து ஏறக்குறைய 80 டிகிரியில் வருகிற காற்று இதற்குள் புகுந்து வெளியே வரும்போது 50-க்கு வந்தால், காற்று 24 சதவிகிதம் கூடுதல். ப்ளோயரைச் சுற்றவும் என்ஜினே சுமார் 4 குதிரைத்திறன் செலவு செய்ய வேண்டும். (டர்போ என்றால் வீணாகப் போகிற புகையில் ஓடும், இந்தச் செலவு தெரியாது. ஆனால் டர்போவுக்கு எக்சாஸ்ட்டையே மாற்ற வேண்டும்.) ஆக 60 என்பது 70 ஆகும். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "பத்துதானா அங்கிள்?" பத்துதான் தம்பி. 80 புல்லி போட்டால் இருபது வரலாம், ஒரு மதியம் முழுக்க வரலாம். அதற்கப்புறம் உன் அப்பா காரின் பிஸ்டனைச் சாம்பல் தட்டாக மேஜையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போல. ஆனால் அதற்குப் பிறகுதான் 90-க்கு ஒத்துக்கொண்டான்.

இனி தாராவி.

ப்ளோயரை என்ஜினோடு பிடித்து வைக்க ஒரு பிராக்கெட், காற்று போகிற மேனிஃபோல்டுக்கு ஒரு அடாப்டர் தகடு, இரண்டும் 12 மில்லிமீட்டர் அலுமினியத்தில் கடைய வேண்டும். அந்தேரிப் பக்கம் நவீன சிஎன்சி கடைக்காரர் ஒருவர் ஒரே ஒரு பீஸ் என்றதும் போனை வைத்துவிட்டார். தாராவியில் எனக்குத் தெரிந்த லேத் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கம். தோல் பட்டறைகளில் வேலைக்கு வந்த தாத்தாவின் பேரன். ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மிஷின், ஒரு ட்ரில். கடையின் அகலம் நம் வீட்டு பாத்ரூம்தான்.

அவர் கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் ரயில் பாதை. 1912-ல் கட்டிய சயான் மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடிவிட்டார்களே, அதனால் வண்டியில் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். நானும் பையனும் ப்ளோயரை மஞ்சப்பையில் போட்டு, நடைபாலத்தில் ஏறி இறங்கி, எத்தனை சனிக்கிழமை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. ஐந்து கிலோ பாலத்தின் இந்தப் படியில் ஐந்து கிலோ, அந்தப் படியில் பதினைந்து.

அண்ணாச்சிக்கு வரைபடம் கொடுத்தேன், கம்ப்யூட்டரில் அழகாகப் போட்டது. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும் சார். என்ஜினை ஒரு தடவை நான் பாக்கணும்லா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காரின் முன்னால் கால்மணி நேரம் சும்மா குந்தியிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நூல்கண்டு எடுத்தார். கிராங்க் புல்லியின் முகத்திலிருந்து ப்ளோயர் புல்லி வரப்போகிற இடம் வரைக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். என் வரைபடத்தில் இரண்டு புல்லியும் ஒரே தளத்தில் இருந்தன. நிஜத்தில் இந்த என்ஜினின் பிளாக் வார்ப்பு அந்த இடத்தில் லேசாகச் சரிந்திருக்கிறது, ஒன்றரை மில்லிமீட்டர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றரை மில்லிமீட்டர். அது இருந்திருந்தால் பெல்ட் ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் பிய்ந்து போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். "பெல்ட்டு இந்தச் சின்னப் புல்லியைச் சரியாக் கட்டிப் பிடிக்கலையே சார். பாதிகூடச் சுத்தலை. வழுக்கும். நடுவுல ஒரு உருளை வச்சுக்கிடுங்க, பெல்ட்டை உள்ளாக்க அமுக்கிக் கொடுக்கும்." ஐட்லர் என்று நாங்கள் சொல்வதைத்தான் சொல்கிறார். அதற்கும் ஒரு கை நீட்டி பிராக்கெட்டிலேயே சேர்த்துக் கடைந்துகொடுத்தார். மாவு மில்லில் பெல்ட் வழுக்கிப் பார்த்த அனுபவமாம். பையன் அன்றிலிருந்து அவரை "மாஸ்டர்ஜி" என்று கூப்பிட ஆரம்பித்தான். "ஏல தம்பி, அண்ணாச்சின்னு கூப்பிடுல" என்றார் அவர்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலையாக நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்தோம். நாலும் ஏறக்குறைய சமமாக, நன்றாகவே இருந்தன. மாமா வண்டியை அதட்டியதே இல்லை. நாலு வருஷமாகத் தொட்டியில் கிடந்த பெட்ரோலை வடித்தோம். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். 2025-ல் பங்குகளில் 20 சதவிகித எத்தனால் பெட்ரோல்தான், அது பழைய ரப்பரை ஊறவைத்துவிடும். எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குப் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும், கணக்கில் அதையும் சேர்த்தோம். பெரிய இன்ஜெக்டர்கள். ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் ப்ளக். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம் என்ற விஷயமே தெரியாது, ஆகவே அதைக் கழற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, மெகாஸ்கொயர்ட் என்று வீட்டிலேயே சால்டர் பண்ணிக்கொள்கிற கம்ப்யூட்டரைப் போட்டோம். இதில் பையன் கில்லாடி. பூஸ்ட் ஏற ஏற ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதமாக்கு, பெட்ரோலைத் தாராளமாக விடு என்பது மட்டும்தான் என் உபதேசம். நாக்கிங்கைக் கேட்க ஒரு செப்புக் குழாயை நசுக்கி என்ஜின் பிளாக்கில் திருகி, மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி, பழைய ஹெட்போனில் சொருகினோம். நாட்டு வைத்தியம். காதில் வைத்தால் என்ஜினின் வயிறு கேட்கும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்தது மார்ச் மாதம் ஒரு சாயங்காலம். ஜாக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல். ரூட்ஸ் ப்ளோயருக்கே உரிய ஒரு ஊளை உண்டு. வேகம் ஏற ஏற சுருதி ஏறும். எனக்கு அது ஆபீஸ் சத்தம். மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா இது, கிரைண்டர் வாங்கியிருக்கேளா?" என்றார். கோயமுத்தூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! சொசைட்டி செக்ரெட்டரி மராத்தியில் வேறு சில கேள்விகள் கேட்டார். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

ஏப்ரலில் காரை டிரெய்லரில் ஏற்றி நவி மும்பைப் பக்கம் உருளைமேல் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சக்தி அளக்கிற டைனோ ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ப்ளோயர் வைப்பதற்கு முன்னால் அங்கேயே அளந்திருந்தோம், சக்கரத்தில் 50. (என்ஜினில் 60 இருந்தாலும் கியர் பாக்ஸ் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும்.) இப்போது ஏழு தடவை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் நான் ஹெட்போனோடு. நாலாவது தடவை 5,200-க்கு மேல் காதில் கூழாங்கல் உருளுகிற மாதிரி இரண்டே இரண்டு தட்டு. கையைத் தூக்கினேன், பையன் உடனே விட்டுவிட்டான். அந்த இடத்தில் ஸ்பார்க்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினோம். பிறகு சத்தமில்லை. கடைசி ஓட்டம் 59.

ஒன்பது குதிரை. ஏறக்குறைய எட்டு மாதம். சக்திக்கு ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து நல்லதாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிக்கொள்ளுங்கள், செலவு குறையும். ஆனால் அந்தத் தாளில் இரண்டு கோடுகள் இருந்தன, அதைச் சொல்ல வேண்டும். பழைய கோடு மேலே போகப் போகத்தான் எழும். புதியது 2,000 சுற்றிலேயே பழையதற்கு மேலே போய்க் கடைசி வரைக்கும் மேலேயே நின்றது. ப்ளோயர் கிராங்கோடு கட்டியிருப்பதால் காத்திருக்கவே வேண்டாம், மிதித்த உடனே காற்று. பையன் தாளை மடித்து அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும் என்று பர்சில் வைத்துக்கொண்டான். அண்ணாச்சி அதை வாங்கி என் வரைபடத்தை வைத்த அதே பையில் வைத்துக்கொண்டார். பெல்ட் ஓரம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மே கடைசியில் கட்டிடம் காலியானது. கார் லாரியில் ஏறிக் கோயமுத்தூர் போயிற்று. பீளமேட்டில் என் அண்ணனின் ஷெட்டில் இடம் இருக்கிறது, வாடகை கேட்டால் அண்ணி திட்டுவார். அங்கிருந்து செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிரெய்லரில் கொஞ்ச நேரம்தான். 2003-ல் கரிவரதன் பேரில் திறந்த ட்ராக், சுமார் 2.1 கிலோமீட்டர். இருபது வருஷமாக நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் திரும்பிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாலக்காட்டு மாமாவின் கார் எனக்கு முன்னால் போய்விட்டது.

ஜூலையில் பையனும் நானும் போனோம். மாமியும் வந்தார், பாலக்காட்டில் ஒரு கல்யாணம் இருந்தது, வழிதானே என்று. பத்துச் சுற்றுக்கு அனுமதி வாங்கினோம். ஆறாவது சுற்றில் இன்டர்கூலருக்குப் பின்னால் காற்று 58 டிகிரி காட்டியது, உள்ளே கூப்பிட்டுவிட்டேன். பாக்கி நாலு சுற்று ஆறவிட்டுப் பிறகு. மாமி பெவிலியன் நிழலில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க் காபி குடித்துக்கொண்டிருந்தார். நேர்கோட்டில் கார் போகும்போதெல்லாம் அந்த ஊளை கேட்கும், தலையைத் திருப்பிப் பார்ப்பார், வளைவில் மறைந்ததும் காபிக்குத் திரும்புவார். "ரொம்ப வேகமாப் போறானோ?" என்று ஒரு தடவை கேட்டார். இல்லை மாமி என்றேன். "அவருக்கும் இப்படிப் போகணும்னு இருந்திருக்கும். என்னை வச்சுண்டு எப்படிப் போறது" என்றார்.

கழற்றிய சாமான் பெட்டி மட்டும் கோயமுத்தூருக்கு வரவில்லை. பழைய கம்ப்யூட்டர், நாலு இன்ஜெக்டர், பழைய பெல்ட், ஒவ்வொரு திருகும் தனித்தனிக் கவரில். மூடியில் அண்ணாச்சி பெயிண்டில் எழுதியிருக்கிறார்: 'ஒரிஜினல். யாரும் தொடாதே.' செம்பூர் வாடகை வீட்டில் மாமியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பையனுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமி படித்துக் காட்டிவிட்டார்.